ஆறரை மணி நேரத் தூரம்

அண்ணனை மன்னித்துவிடச் சொல்லிச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் நல்ல மனசு. அவள் அந்த நல்ல மனசைத் தொலைத்து மூன்று வருடம் ஆகிறது, தேடவும் இல்லை. ஆகவே இந்த வாரம் என்னைத் திட்டாதீர்கள். நான் எழுதுகிறவள்தான், அவளைத் தடுக்கிறவள் இல்லை.

இந்த வாரம்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் என்றால் அந்தக் குடும்பத்தின் இளையவள். விமான டிக்கெட் போடும் ஆபீஸில் வேலை. அண்ணன் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா சாகக் கிடந்தபோது, இளையவள் தூர தேசத்தில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன் செய்தார்.

"அவ்வளவு தூரம். மாறி மாறி ஏறி நீ வந்து சேரவே ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வந்து என்ன பண்ணப் போற? அங்கேயே இரு."

அவள் அதற்கு முன் விமானம் ஏறியது ஒரே முறை. வேலைக்கு ஆள் பிடிக்கிறவன் நாலு பேரைச் சேர்த்து, எது மலிவோ அதில் ஏற்றி, ஊர் ஊராகச் சுற்றிக் கூட்டிப்போன பயணம் அது. அதனால் அண்ணன் சொன்னதை நம்பினாள். சலவைக் கூடத்து நீராவிக்குள் நின்றபடியே அழுது முடித்தாள்.

அம்மா அதற்குப் பிறகும் இரண்டு இரவு உயிரோடு இருந்தாள்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஓட்டலில் தங்க வந்த ஒரு பெண்மணி சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுப் பேச்சுவாக்கில் சொன்னார், காலையில் உங்கள் ஊரில்தான் பல் விளக்கினேன் என்று. இளையவளுக்குக் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டி நழுவியது. ஐயாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானத்தில் ஆறரை மணி நேரம். போன் வந்த அன்றைக்கே ஏறியிருந்தால், அம்மா கண் திறந்திருக்கும்போதே கையைப் பிடித்திருக்கலாம்.

ஆறு மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். ஒன்றும் தெரியாமல் டிக்கெட் ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்து, எல்லாம் கற்றுக்கொண்டு மேஜைக்கு வந்தாள். இனி எவனும் எனக்குத் தூரம் சொல்லக் கூடாது என்பதுதான் அவள் அந்த வேலைக்கு வந்த ஒரே காரணம்.

இப்போது நம் கதையின் திருப்பம். அண்ணனுக்கு ஒரே பெண், வீட்டில் கூப்பிடுவது சிட்டு என்று. அத்தை இருந்த ஊர்தானே என்று அதே தூர நகரத்துக்கு வேலைக்குப் போனவள். அவளுக்கு இதய வால்வில் கோளாறு. அவளுடைய அம்மா, அதாவது நம் இளையவளின் அண்ணி, போன மாதமே அங்கே போய்விட்டாள். அண்ணனுக்கும் விசா கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன், அதற்கு இரண்டு நாள் முன்னால் போனால் போதும் என்றிருந்தார்கள். அதைத்தான் டாக்டர்கள் நேற்று ராத்திரி நாளைக் காலைக்கே முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

*

சிட்டு விடிந்ததும் அத்தைக்குத்தான் போன் செய்தாள். பயமாக இருக்கிறது என்றாள். அப்பாவைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்றாள். "அத்தை, எப்படியாவது அப்பாவை இன்னிக்கு ஏத்தி விட்டுடுங்க. உங்களால முடியும்."

சிட்டு என்றால் இளையவளுக்கு உயிர். தலைகூட வாராமல் ஓடினாள். ஷட்டரைத் திறந்து, விளக்கைப் போடுவதற்கு முன்பே கணினியைப் போட்டாள். இன்றைய நேர் விமானம் இரவு ஒன்பதுக்கு. அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அவர்கள் கணக்குக்கு நாளைக் காலை ஆறு மணிக்கு இறங்கிவிடலாம். ஆபரேஷன் ஒன்பதுக்கு. இடிக்காது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதை அண்ணன் பேரில் பிடித்து வைத்தாள். பிடித்து வைப்பது என்றால் டிக்கெட் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. விமானக் கம்பெனி ஒரு கெடு கொடுக்கும். அதற்குள் உறுதி செய்யாவிட்டால் சீட்டு தானாகவே கழன்று, கேட்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும். திரையில் கெடு நாலரை மணி என்று இருந்தது.

நல்ல மனசு அதுவரைக்கும்தான். பத்து மணி வாக்கில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். கதவை மூடும்போது பழக்கதோஷத்தில் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி, சரியாகத் தேய்க்கவில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். மகள் அங்கே உயிருக்குப் போராடும்போதும் ஓரம் பார்க்கிற அந்த விரலைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் போனைப் பிடித்திருந்ததும் இதே விரல்தானே என்று நினைத்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள்.

கூடப் பிறந்தவள் சார் என்றால் எந்த மனுஷனுக்கும் புரியும். அவருக்கும் புரிந்தது. நின்றபடியே சொன்னார். ஏற்கெனவே மூன்று ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டாராம், எங்கே போனாலும் நேர் விமானத்தில் இடமில்லை என்கிறார்களாம். இருக்காது. இருந்த ஒன்று இவள் பிடியில் அல்லவா இருக்கிறது.

அப்போதுகூட அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததாக அவளே பின்னால் ஒத்துக்கொண்டாள். ஆனால் அவர் இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிற்பு இருக்கிறதே, மூன்று வருடம் அதற்காகத்தான் காத்திருந்தாள். ஐந்து நிமிஷத்தில் எப்படி விடுவாள்?

நேர் விமானம் நிரம்பிவிட்டது என்றாள். வேறு வழி இருக்கிறது, சுற்று வழி. வடக்கே ஒரு ஊருக்குப் போய், அங்கே நாற்காலியில் பாதி நாள் கிடந்து, இன்னொரு விமானம் மாறி, நாளை இரவு போய்ச் சேரலாம் என்று, மேஜைமேல் இருந்த உலக உருண்டையைச் சுழற்றி விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுபோல நிதானமாகக் காட்டினாள்.

அண்ணன் அந்தக் கோட்டையே பார்த்தார். "அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடுமே?"

"முடிஞ்சிடும் சார். அவ்வளவு தூரம். நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?"

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். தன் வார்த்தை தனக்கே திரும்பி வந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. மேஜைமேல் ஊன்றியிருந்த கைகளை எடுத்துக்கொண்டார். ஆனால் வெளியே போகவில்லை. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இளையவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். இதை நான் அழகுபடுத்திச் சொல்லப் போவதில்லை. நெஞ்சில் கிடந்த கல்லை எடுத்து அவர் மடியில் வைத்தது மாதிரி இருந்தது அவளுக்கு.

*

எதிர் மேஜைக்காரி வாய்க்கு வாய் பேசுகிறவள், ஆனால் நல்லவள். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து காதோரம் கேட்டாள், காலையில் பிடித்து வைத்தாயே, அது இவருக்குத்தானே, ஏன் இப்படி உட்கார வைத்திருக்கிறாய் என்று.

கொஞ்ச நேரம் உட்காரட்டும் என்றாள் இளையவள். கெடு நாலரை வரைக்கும் இருக்கிறது. நாலு மணிக்கு உறுதி செய்தால் போதும். அதுவரைக்கும் தூரம் என்றால் என்னவென்று அந்த ஆளுக்கும் தெரியட்டும்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும்னு சொல்ற. சரி. ஆனா அந்தப் புள்ள எந்த உப்பைத் தின்னுச்சு?"

எதிர் மேஜைக்காரிக்கு அன்று மத்தியானம் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மத்தியானம் இளையவளுக்கு நன்றாகப் பசித்தது. டப்பாவைத் திறந்து, அவர் பார்க்கும்படியாகவே உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டாள். அவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நடுவில் இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். தேனிலவுக்குப் போகிற ஒரு ஜோடிக்குச் சிரிக்கச் சிரிக்க டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அவள் வேறு யாரிடமோ பேசுவாள். பிறகு தலை கவிழும்.

அவர் பையிலிருந்த போனிலும் அண்ணி இரண்டு முறை கூப்பிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன், தங்கச்சி ஆபீஸில்தான் இருக்கிறேன் என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்தார். தங்கச்சி உன்னை உட்கார வைத்திருக்கிறாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவளுக்கு இன்னும் கொஞ்சம் இனித்திருக்கும்.

என்ன எதிர்பார்த்தாள் என்று கேட்கிறீர்களா? அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தெரிந்தே செய்தேன் என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். எனக்கென்ன தெரியும், விமானம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றே மழுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அந்த மழுப்பல் செல்லாது. சொன்னால் சீட்டு. சொல்லாவிட்டாலும், சிட்டுக்காக, நாலு மணிக்குச் சீட்டு. அவள் அவ்வளவு பாவி இல்லை.

மூன்று மணி தாண்டியதும் அவர் எழுந்து வந்தார். இந்தத் தடவை எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறரை மணி நேரம்னு. அன்னிக்கே தெரியும். பக்கத்துக் கடைக்காரன் பையன் நேர் விமானத்துல போய் வந்தவன், அவன்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் உனக்கு போன் பண்ணேன்."

இளையவளுக்கு இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சந்தேகப்படுவது வேறு, காதால் கேட்பது வேறு.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதுபோல், மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ போய் அஞ்சு வருஷம். அம்மாவைத் தூக்கி உட்கார வெச்சது நான். கழுவித் தொடைச்சது நான். ஒரு நாள் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. கண்ணைத் திறந்தா உன் பேரு. என்னைப் பாத்தே உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. கடைசில நீ வந்து நின்னா அவ சிரிச்சிருப்பா. அதை என்னால பாக்க முடியாதுன்னு தோணுச்சு. அதான் வராதேன்னு சொன்னேன்."

"அம்மா என்னைக் கேட்டாங்களா? அந்த ரெண்டு நாளும்?"

"கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

ஆபீஸில் வேறு யாரும் இல்லை. அவரை அறைந்திருப்பாள். கை எழும்பத்தான் செய்தது. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள், மகள் வருகிறாள் வருகிறாள் என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறாள். இதற்கு அந்தப் பழைய பொய்யே தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"தப்புதான்" என்றார் அண்ணன். "பெரிய தப்பு. என்னை என்ன வேணாலும் பண்ணு. சிட்டு மேல அதைக் காட்டாதே."

கேட்க ஆசைப்பட்டதெல்லாம் கேட்டாகிவிட்டது. வெற்றிதான். ஆனால் அதில் ஒரு சொட்டு ருசியும் இல்லை. உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்றாள். சரி என்றார். பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றாள்.

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். சீட்டு காலையிலிருந்தே இருக்கிறது, உங்கள் பேரில்தான் இருக்கிறது என்று அவள் சொன்னதும், அவர் கோபப்படவில்லை. இருக்கு, இருக்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார். அவள் திரைப்பக்கம் திரும்பி உறுதி செய்யும் பொத்தானைத் தட்டினாள்.

திரையில் அந்தப் பதிவைக் காணவில்லை.

மறுபடி தேடினாள். கழன்றுவிட்டிருந்தது. விமானத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு இடம்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றேகால்தான் ஆகியிருந்தது, கெடு நாலரை அல்லவா என்று நினைத்தவளுக்கு, அப்போதுதான் நினைவு வந்தது.

அந்த விமானக் கம்பெனி மட்டும் கெடுவைத் தன் சொந்த ஊரான அந்தத் தூர நகரத்து நேரத்தில்தான் போடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இவள்தான் சொல்லிக் கொடுப்பாள், அவங்க நாலரைன்னா நமக்கு ரெண்டு மணி, ஏமாந்துடாதே என்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? அவள் டப்பாவைத் திறந்து வழித்துச் சாப்பிட்டாளே, அதற்கடுத்த கொஞ்ச நேரத்திலேயே சீட்டு போய்விட்டது.

பக்கத்தில் அண்ணன் போனில் சிட்டுவிடம் பேசிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வராத குரல் இப்போது வந்திருந்தது. "கெடச்சிடுச்சும்மா. அத்தை போட்டுக்கிட்டிருக்கா. நேரா வர்றேன். நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள அங்க நிப்பேன். இந்தா, அத்தைகிட்ட பேசு."

போன் இவள் கைக்கு வந்தது. திரையில் சிட்டுவின் முகம், மூக்கில் ஒரு குழாயோடு. சிரித்தாள்.

"தெரியும் அத்தை, நீங்க எப்படியும் போட்டுருவீங்கன்னு. இனிமே எனக்குப் பயமில்ல. அப்பா வந்துடுவார்ல?"

இல்லை என்று சொல்ல வேண்டும். நாளைக்கு மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிற பெண்ணிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வந்துக்கிட்டிருக்கார்" என்றாள். "நீ தூங்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கு உறைத்தது. போனை வைத்தாள். அண்ணன் காலையிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்த, கைப்பிடி அறுந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, எத்தனை மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும், எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டார். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்கிற கேள்விதான்.

"அண்ணே" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படிக் கூப்பிட்டாள். "சீட்டு போயிடுச்சு. காலையில இருந்து என் கையில இருந்துச்சு. உங்களை உட்கார வெச்சு வேடிக்கை பாத்தேன். நேரத்தைத் தப்பாப் பாத்து விட்டுட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். மேஜைக் கண்ணாடியை உடைத்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர் பையைத் தோளிலிருந்து மெல்ல இறக்கினார்.

"சிட்டுகிட்ட வந்துடுவேன்னு சொல்லிட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் கைப்பையை எடுத்தாள். வாருங்கள், கிளம்பலாம் என்றாள். எங்கே என்று கேட்டவருக்கு, போகிற போக்கில், ஷட்டரை இழுத்துக்கொண்டே விளக்கினாள். ஒவ்வொரு விமானத்திலும் கடைசி நேரத்தில் யாராவது வராமல் போவார்கள். கவுண்டர் மூடும்வரை அங்கே நின்றால், வராதவர் இடத்தில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சலாம். காலில் விழ வேண்டுமானாலும் விழலாம்.

"யாரும்மா வராம போவாங்க?"

"யாராவது."

டாக்ஸியில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள், நடுவில் பையை வைத்து. சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. மூன்று வருடமாகச் சபிப்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு அவள் பெயரே தெரியாத ஒருவரைச் சபிக்க ஆரம்பித்தாள். இரண்டு மணிக்குமேல் அந்தச் சீட்டை எடுத்தவர் யாரோ, அவர் வண்டி நடுரோட்டில் பஞ்சராகட்டும், பாஸ்போர்ட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வரட்டும், படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொள்ளட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். அந்த ஆளுக்கும் அங்கே ஒரு அம்மா வாசலைப் பார்த்துக் கிடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியும் அவள் நிறுத்தவில்லை.